புது ஸ்விஃப்ட் விலையில் பழைய பி.எம்.டபிள்யூ... வாங்கலாமா? பராமரிப்பு முதல் ரிப்பேர் வரை முழு விவரம்!

"டாக்டர் வெச்சிருந்த வண்டி சார்... சிங்கிள் ஓனர், ஃபுல்லா ஷோரூம் சர்வீஸ்." பழைய கார் விற்கும் எந்த இடத்துக்குப் போனாலும் இந்த வசனம் காதில் விழும். எதிரே பளபளவென்று ஒரு பி.எம்.டபிள்யூ 3 சீரிஸ் நிற்கும். புதிதாக வந்தபோது 30 லட்சம் ரூபாய் அளவில் விற்ற கார், பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து புது ஸ்விஃப்ட் விலைக்கே கிடைக்கிறது என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

ஆசை தப்பில்லை. கணக்கு தெரியாமல் வாங்குவதுதான் தப்பு. ஃபோக்ஸ்வாகன் போலோ, ஸ்கோடா ஆக்டேவியா, ஃபியட் புன்டோ, பி.எம்.டபிள்யூ, ஆடி என எந்த ஐரோப்பிய காராக இருந்தாலும் விஷயம் ஒன்றுதான்: காரின் விலை வருடா வருடம் இறங்கும், அதன் உதிரிபாக விலை இறங்காது. 7 லட்சத்துக்கு வாங்கினாலும் ரிப்பேர் என்று வந்தால் அது 30 லட்ச ரூபாய் கார்தான்.

அப்படியானால் பழைய ஐரோப்பிய கார் வாங்கவே கூடாதா? வாங்கலாம். எதைப் பார்த்து வாங்குவது, எதை எப்போது மாற்றுவது, எங்கே மிச்சம் பிடிப்பது, எங்கே மிச்சம் பிடிக்கக் கூடாது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

எந்த காருக்கு பார்ட்ஸ் கிடைக்கும்?

கார் பிடித்திருக்கிறதா என்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இது.

ஸ்கோடா ஆக்டேவியா 2001-ல் இந்தியாவுக்கு வந்தது. புனே அருகே சாகனில் தயாரான போலோ 2010 முதல் 2022 வரை இங்கே விற்பனையானது. போலோ இப்போது உற்பத்தியில் இல்லை. ஆனால் அந்த நிறுவனம் இந்தியாவில் தொடர்வதாலும், பல வருடம் விற்ற மாடல் என்பதாலும் வழக்கமான உதிரிபாகங்களுக்குப் பெரிய அலைச்சல் இருக்காது.

ஃபியட் கதை வேறு. 2019-ஓடு அந்த பிராண்ட் இந்தியாவில் கார் விற்பதை நிறுத்திவிட்டது. ஆனால் புன்டோ, லீனியா டீசல் கார்களில் இருந்த 1.3 லிட்டர் மல்டிஜெட் எஞ்சின்தான் மாருதி ஸ்விஃப்ட் டீசலிலும் டாடா இண்டிகா விஸ்டாவிலும் ஓடியது. அதனால் எஞ்சின் பாகங்களுக்கு ஆபத்தில்லை, அந்த எஞ்சினில் கை வைத்துப் பழகிய மெக்கானிக்கும் ஊருக்கு ஊர் உண்டு. ஹெட்லைட், பம்பர், கதவு கைப்பிடி மாதிரி வெளிப்பாகங்களுக்குத்தான் தேட வேண்டியிருக்கும்.

பி.எம்.டபிள்யூ-வுக்கு 2007 முதல் சென்னை அருகே மகேந்திரா வேர்ல்ட் சிட்டியில் தொழிற்சாலை இருக்கிறது. ஆனால் இங்கே அசெம்பிள் ஆனது என்பதற்காக ரிப்பேர் பில் குறைந்துவிடாது.

வாங்குவதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும்?

முதலில், காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது போய்ப் பாருங்கள். "நீங்க வருவீங்கன்னு வண்டியை ஸ்டார்ட் பண்ணி வெச்சிருக்கேன்" என்று விற்பவர் சொன்னால், எஞ்சின் ஆறும் வரை காத்திருங்கள். செயின் சத்தம், புகை, கரடுமுரடான ஐடிலிங் எல்லாம் முதல் ஸ்டார்ட்டில்தான் வெளியே தெரியும்.

இரண்டாவது, ஸ்கேன் செய்யாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். சாதாரண ஓ.பி.டி. ஸ்கேனர் எஞ்சின் கோளாறை மட்டும்தான் காட்டும். கியர்பாக்ஸ், ஏ.பி.எஸ்., ஏர்பேக் என எல்லா கம்ப்யூட்டர்களையும் படிக்க அந்தந்த பிராண்டுக்கான கருவி வேண்டும். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா, ஆடி கார்களுக்கு வி.சி.டி.எஸ்., பி.எம்.டபிள்யூ-வுக்கு இஸ்டா, மெர்சிடிஸுக்கு ஸென்ட்ரி. "எரர் எதுவும் இல்லை" என்று காட்டினால் அதோடு விட்டுவிட வேண்டாம். முந்தைய நாள்தான் அழித்தார்களா என்று தெரிய, 20 கிலோமீட்டராவது ஓட்டிவிட்டு மறுபடி ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள்.

மூன்றாவது, வெள்ளத்தில் மூழ்கிய வண்டியா? 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் ஏராளமான கார்கள் தண்ணீரில் நின்றன. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், சேற்றுக் கறை அங்கேதான் தங்கும். ஸ்டெப்னி வைக்கும் பள்ளம், சீட்டுக்குக் கீழே இருக்கும் போல்ட்டுகள், கார்ப்பெட்டின் அடிப்பக்கம் ஆகியவற்றில் துருவோ ஈர வாடையோ இருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். பல ஐரோப்பிய கார்களில் கம்ப்யூட்டர் பாக்ஸும் வயரிங்கும் கார்ப்பெட்டுக்கு அடியில்தான் ஓடுகின்றன. ஒரு முறை ஈரம் புகுந்தால் வருடக்கணக்கில் புதுப்புது எலக்ட்ரிக்கல் பிரச்னை கிளம்பிக்கொண்டே இருக்கும்.

நான்காவது, பேப்பர். டெல்லியில் 10 வருடம் தாண்டிய டீசல், 15 வருடம் தாண்டிய பெட்ரோல் கார்களுக்குத் தடை உத்தரவுகள் வந்ததால் அந்தப் பக்கத்து சொகுசு கார்கள் குறைந்த விலைக்குத் தெற்கே வருகின்றன. அப்படி வாங்கினால் அங்கிருந்து தடையில்லாச் சான்று (படிவம் 28) வாங்க வேண்டும், இங்கே மறுபடி பதிவு செய்து ஆயுள் வரி கட்ட வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. பழைய லோன் ஆர்.சி.யில் இருந்தால் அதை நீக்கப் படிவம் 35. இந்தச் செலவையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் "டெல்லி விலை" அவ்வளவு மலிவாக இருக்காது.

15 வருடம் முடிந்த காரா? எஃப்.சி. பார்த்து 5 வருடத்துக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரல் 1 முதல் இதற்கான கட்டணம் 5,000 ரூபாய், வெளிநாட்டிலிருந்து முழுதாக இறக்குமதியான காருக்கு 40,000 ரூபாய். 20 வருடம் கடந்த கார்களுக்கு 2025 ஆகஸ்ட் முதல் இது இரட்டிப்பாகிவிட்டது. பசுமை வரி தனி. 2010-ல் வாங்கிய முதல் போலோக்கள் இந்த 15 வருட எல்லையைத் தொட்டுவிட்டன என்பதையும் நினைவில் வையுங்கள்.

'தண்ணி ஊத்திக்கலாம் சார்' - அங்கேதான் ஆரம்பிக்கிறது பிரச்னை

பழைய ஐரோப்பிய கார்கள் தமிழ்நாட்டில் படுத்துக்கொள்ள முக்கியக் காரணம் சூடு. கூலன்ட் டேங்க், தெர்மோஸ்டாட் கூடு, தண்ணீர்க் குழாய்களை இணைக்கும் முனைகள் என இந்தக் கார்களில் பல பாகங்கள் பிளாஸ்டிக்கால் ஆனவை. பத்து வருடம் எஞ்சின் சூட்டில் வெந்த பிளாஸ்டிக் அப்பளம் மாதிரி நொறுங்கும்.

கூலன்ட் குறைந்தால் மெக்கானிக் குழாய்த் தண்ணீரை ஊற்றுவது நம் ஊர் வழக்கம். போர்வெல் தண்ணீரில் இருக்கும் உப்பு ரேடியேட்டருக்குள் படிந்து அடைக்கும், உள்ளே இருக்கும் அலுமினியத்தை அரிக்கும். நடுவழியில் வேறு வழியே இல்லை என்றால் தண்ணீர் ஊற்றி வீடு வந்து சேரலாம். அதன்பிறகு ஒழுகும் இடத்தைக் கண்டுபிடித்து சரிசெய்து, முழுவதையும் வடித்து, கார் கையேட்டில் சொன்ன கூலன்டையும் டிஸ்டில்ட் வாட்டரையும் சரியான அளவில் கலந்து நிரப்ப வேண்டும். கலர் ஒரே மாதிரி இருக்கிறதே என்று வேறு வகை கூலன்டைக் கலக்கக் கூடாது.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா கார்களில் வெப்பமானி முள் 90 டிகிரியில் அசையாமல் நிற்கும்படி அமைத்திருப்பார்கள். உள்ளே சூடு கொஞ்சம் ஏறி இறங்கினாலும் முள் காட்டிக்கொடுக்காது. அது 90-ஐத் தாண்டி நகர்கிறது என்றால் விஷயம் ஏற்கெனவே முற்றிவிட்டது. பல பி.எம்.டபிள்யூ-க்களில் கூலன்ட் முள்ளே கிடையாது. எனவே முள்ளை நம்பாமல், மாதம் ஒரு முறை எஞ்சின் ஆறியிருக்கும்போது டேங்கில் அளவைப் பாருங்கள். குறைந்திருந்தால் எங்கேயோ ஒழுகுகிறது என்று அர்த்தம். "ஆவியா போயிருக்கும் சார்" என்பது பதில் இல்லை.

சூடு எச்சரிக்கை வந்தால்? ஏ.சி.யை நிறுத்தி, ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிடுங்கள். டேங்க் மூடியை உடனே திறக்காதீர்கள், கொதிக்கும் கூலன்ட் முகத்தில் அடிக்கும். "இன்னும் 2 கிலோமீட்டர்தானே" என்று ஓட்டினால் ஹெட் கேஸ்கட் போகும், சிலிண்டர் ஹெட் வளையும். சில ஆயிரத்தில் முடிய வேண்டிய ஹோஸ் வேலை லட்சத்தில் போய் நிற்கும்.

டைமிங் பெல்ட்: கிலோமீட்டரை மட்டும் பார்க்காதீர்கள்

போலோ, ரேபிட் கார்களின் டி.டி.ஐ. டீசல் எஞ்சின்களில் டைமிங் பெல்ட் இருக்கிறது. அது அறுந்தால் ஓடிக்கொண்டிருக்கும் பிஸ்டன் மேலே வந்து வால்வுகளில் மோதும். எஞ்சினைப் பிரிப்பதைத் தவிர வேறு வழி இருக்காது.

கையேட்டில் இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை வருடம் என்று இருக்கும். இரண்டில் எது முதலில் வருகிறதோ அப்போது மாற்ற வேண்டும். "வண்டி வெறும் 50,000 தான் ஓடியிருக்கு" என்று பெருமையாகச் சொல்வார்கள். ஆனால் ரப்பருக்கு வயது உண்டு. பெல்ட் மாற்றியதற்கு பில் இல்லை என்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு, வாங்கிய வாரமே மாற்றிவிடுங்கள். பெல்ட்டோடு டென்ஷனர், ரோலர், வாட்டர் பம்ப் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றுவது நல்லது. பிறகு பம்ப் மட்டும் ஒழுகினால் அதே கூலியை இன்னொரு முறை கொடுக்க வேண்டிவரும்.

டைமிங் செயின் என்றால் கவலையில்லையா? அப்படியும் சொல்ல முடியாது. 2007-க்குப் பின் வந்த பல பி.எம்.டபிள்யூ 2 லிட்டர் டீசல் கார்களில் என்47 என்ற எஞ்சின் இருக்கும். இதில் செயின், எஞ்சினின் பின்பக்கத்தில் கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. 2011 வரை வந்தவற்றில் செயின் தேய்மானப் புகார் அதிகம். எஞ்சின் பின்பக்கமிருந்து உரசல் சத்தம் வந்தால் அலட்சியம் வேண்டாம். செயின் விலை பெரிதில்லை, அதைத் தொடுவதற்கு எஞ்சினையோ கியர்பாக்ஸையோ இறக்க வேண்டும் என்பதால் கூலிதான் பெரிது.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்: டிராஃபிக்கில் கவனம்

போலோ ஜிடி டி.எஸ்.ஐ., ஆக்டேவியா போன்ற கார்களில் வந்த 7 ஸ்பீடு டி.எஸ்.ஜி. கியர்பாக்ஸில் இரண்டு உலர் கிளட்ச்கள் உள்ளன. ஓட்டுவதற்கு அருமையாக இருக்கும். ஆனால் சூடும் நெரிசலும் இதற்கு எதிரி. 2013-ல் ஃபோக்ஸ்வாகன் உலக அளவில் சுமார் 16 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்து, இந்தக் கியர்பாக்ஸின் சிந்தெட்டிக் ஆயிலை மினரல் ஆயிலாக மாற்றியது. வெப்பமும் ஈரப்பதமும் உள்ள ஊர்களில் எலக்ட்ரிக்கல் கோளாறு வந்ததே காரணம்.

வாங்கும் கார் 2013-க்கு முந்தையது என்றால் அந்த வேலை முடிந்திருக்கிறதா என்று சேஸிஸ் நம்பரைக் கொடுத்து ஷோரூமில் கேளுங்கள். டெஸ்ட் டிரைவில் 1-லிருந்து 2-வது கியருக்கு மாறும்போது உதறினாலோ, டிஸ்ப்ளேயில் கியர் எழுத்து மின்னினாலோ விலகிவிடுவது நல்லது. சொந்தமாக வைத்திருப்பவர்கள் நெரிசலில் பிரேக்கை அரைகுறையாக விட்டு ஊர்ந்து போகாமல், முன்னால் கொஞ்சம் இடம் விட்டு ஒரேயடியாக நகருங்கள். அரை கிளட்சில் ஓட்டுவது மேனுவல் காருக்கு எப்படிக் கெடுதலோ, இதற்கும் அப்படித்தான்.

6 ஸ்பீடு டி.எஸ்.ஜி. வேறு வகை. அதன் கிளட்ச்கள் ஆயிலில் மூழ்கியிருக்கும். 60,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை ஆயிலும் ஃபில்டரும் மாற்ற வேண்டும். மாற்றிய பில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

எஞ்சின் ஆயில்: 5டபிள்யூ-30 என்று மட்டும் பார்த்தால் போதாது

ஐரோப்பிய நிறுவனங்கள் ஆயிலுக்கென்று தனி அங்கீகார எண் வைத்திருக்கின்றன. ஃபோக்ஸ்வாகன் குழுமத்துக்கு 502.00, 507.00, பி.எம்.டபிள்யூ-வுக்கு லாங்லைஃப்-04, மெர்சிடிஸுக்கு 229.51 என்கிற மாதிரி. உங்கள் எஞ்சினுக்கு எந்த எண் என்று கையேட்டில் இருக்கும். டப்பாவின் பின்பக்கம் அதே எண் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எந்த கம்பெனி ஆயிலாக இருந்தாலும் பரவாயில்லை.

காரின் கம்ப்யூட்டர் 20,000 கிலோமீட்டருக்கு மேல் ஆயில் தாங்கும் என்று காட்டலாம். அது ஐரோப்பிய ஹைவே ஓட்டத்துக்கான கணக்கு. நம் ஊர் வெயிலுக்கும் நெரிசலுக்கும் 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம் போதும். டர்போவும் டைமிங் செயினும் நீடிக்க இதைவிட மலிவான வழி இல்லை.

இ20 பெட்ரோல் விஷயமும் உண்டு. 2023-க்கு முன் வந்த கார்கள் பெரும்பாலும் அதற்காக வடிவமைக்கப்பட்டவை அல்ல. எரிபொருள் மூடியின் உள்பக்கத்திலும் கையேட்டிலும் எந்த அளவு எத்தனால் வரை சொல்லியிருக்கிறது என்று பாருங்கள். வருடாந்திர சர்வீஸில் எரிபொருள் ஹோஸ்களில் வெடிப்போ கசிவோ இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

எரர் கோடு என்பது பார்ட் பெயர் இல்லை

பணம் அதிகம் வீணாகும் இடம் இதுதான். உதாரணத்துக்கு பி0171 என்ற கோடு வருகிறது. எஞ்சினுக்குள் காற்று அதிகமாகவும் பெட்ரோல் குறைவாகவும் போகிறது என்பது இதன் பொருள். ஆக்சிஜன் சென்சார்தான் இதைக் கண்டுபிடித்துச் சொல்கிறது. உடனே "சென்சார் போச்சு சார்" என்று அதை மாற்றுவார்கள். ஒரு வாரத்தில் அதே லைட் மறுபடி எரியும்.

உண்மையில் வெடித்த வேக்யூம் ஹோஸ், கிழிந்த பிரீதர் வால்வு, அழுக்கான ஏர்ஃப்ளோ சென்சார், பலவீனமான ஃபியூயல் பம்ப் என எதுவும் காரணமாக இருக்கலாம். ஹோஸில் புகை விட்டுப் பார்க்கும் சோதனை செய்தால் வெடிப்பு தெரிந்துவிடும். எனவே "எதை மாத்தணும்?" என்று கேட்பதற்கு முன் "அதுதான் காரணம்னு எப்படி டெஸ்ட் பண்ணீங்க?" என்று கேளுங்கள். சோதனைக்குத் தனியாகக் காசு கேட்டால் கொடுங்கள், தேவையில்லாமல் மாற்றும் ஒரு சென்சாரைவிட அது குறைவாகத்தான் இருக்கும்.

பேட்டரி விஷயத்திலும் இப்படி ஒன்று உண்டு. பல பி.எம்.டபிள்யூ கார்களில் புது பேட்டரி போட்டால் அதை கம்ப்யூட்டரில் பதிவு செய்ய வேண்டும். இல்லாவிட்டால் பழைய பேட்டரி என்று நினைத்தே சார்ஜ் செய்து, புதியதன் ஆயுளைக் குறைத்துவிடும்.

பார்ட்ஸ் எங்கே வாங்குவது?

ஷோரூம் பெட்டியில் வரும் பாகம் ஒன்று. அதே பாகத்தைத் தயாரிக்கும் பாஷ், மாலே, ஸாக்ஸ், லெம்ஃபர்டர், ஹெல்லா போன்ற நிறுவனங்கள் தங்கள் சொந்தப் பெட்டியில் விற்பது இன்னொன்று. இரண்டாவது வகையில் பெரும்பாலும் தரம் குறையாது, விலை குறையும். உண்மையான மிச்சம் இங்கேதான். பெயர் தெரியாத மலிவு பாகம் மூன்றாவது வகை, எஞ்சினுக்கும் பிரேக்குக்கும் அது வேண்டவே வேண்டாம்.

ஒரே வருட மாடலிலும் இரண்டு வகை பிரேக் பேடு இருக்கலாம். அதனால் "2012 போலோ" என்று சொல்லிக் கேட்காமல், ஆர்.சி.யில் இருக்கும் 17 இலக்க சேஸிஸ் நம்பரைக் கொடுத்து பார்ட் நம்பர் எடுங்கள். அந்த நம்பரை வைத்து விலை விசாரியுங்கள்.

சென்னை புதுப்பேட்டை மாதிரி பழைய உதிரிபாகச் சந்தைகளில் கதவு, கண்ணாடி, ஹெட்லைட், உள் அலங்கார பிளாஸ்டிக் போன்றவற்றைத் தாராளமாக வாங்கலாம். பெல்ட், வாட்டர் பம்ப், பிரேக், ஏர்பேக், ரப்பர் சம்பந்தப்பட்ட எதையும் பழையதாக வாங்காதீர்கள்.

நல்ல மெக்கானிக்கை எப்படி அறிவது?

ஷோரூமா, வெளி ஒர்க் ஷாப்பா என்பதைவிட, அந்த பிராண்டில் தினமும் கை வைப்பவரா என்பதே முக்கியம். நான்கு கேள்விகள் கேளுங்கள். என்ன ஸ்கேனர் வைத்திருக்கிறீர்கள்? வேலைக்கு முன் எழுத்தில் எஸ்டிமேட் தருவீர்களா? மாற்றிய பழைய பார்ட்டைத் திருப்பித் தருவீர்களா? டார்க் ரெஞ்ச் பயன்படுத்துவீர்களா?

கடைசிக் கேள்விக்குக் காரணம் உண்டு. இந்தக் கார்களில் பல போல்ட்டுகளை ஒரு முறைதான் பயன்படுத்த முடியும். இறுக்கும்போதே அவை கொஞ்சம் நீளும் என்பதால், கழற்றினால் புதிது போட்டு, சொன்ன அளவுக்கு மட்டும் இறுக்க வேண்டும். "கை அளவு போதும் சார்" என்பவரிடம் ஏர் ஃபில்டர் வேலையை மட்டும் கொடுக்கலாம்.

ஏர் ஃபில்டர், ஏ.சி. ஃபில்டர், வைப்பர், பல்பு ஆகியவற்றை வீட்டிலேயே மாற்றலாம். ஒரு டார்க்ஸ் செட் கையில் இருந்தால் நல்லது, ஐரோப்பிய கார்களில் நட்சத்திர வடிவ ஸ்க்ரூதான் அதிகம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள், ஸ்டாண்ட் கட்டாயம்.

எந்த லைட் எரிந்தால் என்ன செய்வது?

சிவப்பு ஆயில் விளக்கு: உடனே நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். வீடு வரை ஓட்டலாம் என்ற பேச்சே வேண்டாம்.

மஞ்சள் எஞ்சின் விளக்கு நிலையாக எரிந்தால்: மெதுவாக ஓட்டலாம், சீக்கிரம் ஸ்கேன் செய்யுங்கள்.

அதே விளக்கு மின்னினால்: எஞ்சின் மிஸ்ஃபயர் ஆகிறது. தொடர்ந்து ஓட்டினால் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கெடும். நிறுத்திவிடுங்கள்.

தேங்கிய தண்ணீரில் வண்டி நின்றுவிட்டால்: மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் கனெக்டிங் ராடு வளையும். அந்தச் சேதத்தை சாதாரண இன்ஷூரன்ஸ் பாலிசி பொதுவாக ஏற்பதில்லை, எஞ்சின் பாதுகாப்புக்கான கூடுதல் கவர் வேண்டும். டோ செய்யுங்கள்.

சரி, வாங்கலாமா? வேண்டாமா?

கையில் 7 லட்சம் இருந்தால் 7 லட்ச ரூபாய் கார் வாங்காதீர்கள். ஐந்தரை லட்சத்துக்கு வாங்கி, மீதியைத் தனிக் கணக்கில் போட்டு வையுங்கள். பெல்ட், ஆயில்கள், கூலன்ட், பிரேக் திரவம், பேட்டரி, டயர் என முதல் வருடத்திலேயே அதில் நல்ல பகுதி செலவாகும். ஸ்டெப்னி இல்லாமல் ரன்-ஃப்ளாட் டயரோடு வரும் பி.எம்.டபிள்யூ என்றால் டயர் விலையையும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

லோன் போட்டு வாங்கி, அதே காரில்தான் தினமும் வேலைக்குப் போக வேண்டும், ரிப்பேருக்குத் தனியாகப் பணம் இல்லை என்ற நிலையில் இருப்பவர்கள் தவிர்ப்பது நல்லது. பார்ட் வர இரண்டு வாரம் ஆகும்போது கார் ஒர்க் ஷாப்பில் நிற்கும், ஆனால் இ.எம்.ஐ. நிற்காது. வீட்டில் இன்னொரு வண்டி இருக்கிறது, நம்பிக்கையான மெக்கானிக் இருக்கிறார், பில்களை ஒரு ஃபைலில் போட்டு வைக்கும் பழக்கமும் இருக்கிறது என்றால் தாராளமாக வாங்கலாம்.

ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் பெரிய பில் வரும்போது ஒன்றை மட்டும் யோசியுங்கள்: இந்த ரிப்பேரை முடித்தபிறகு, அடுத்த இரண்டு வருடத்தில் வேறு பெரிய வேலை எதுவும் பாக்கி இருக்கிறதா? இல்லை என்றால் செய்துவிடலாம். வரிசையாக நான்கு வேலை காத்திருக்கிறது என்றால், ஓடும் நிலையில் இருக்கும்போதே, இருப்பதைச் சொல்லி விற்றுவிடுங்கள். அடுத்து வாங்குபவரும் வீட்டுச் சேமிப்பை எடுத்துக்கொண்டுதான் வருவார்.